கடந்து செல்பவனின் கடன்

விருந்தோம்பலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அரபு நாட்டு ஹாத்திம் தாயியின் கொடைக் கதைகளையும் நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இவை யாவும் விருந்தளிப்பவனின் கடமையை விளக்குவன. விருந்தாக வருபவனுக்கும் கடமை உண்டா? உண்டெனில் அது யாது? அதிலும், சில நாழிகையே தங்கிவிட்டு, மறுமுறை அப்பக்கம் திரும்பாமலே போய்விடும் ஒருவனுக்கு அவ்வூரிடத்தில் என்ன கடன் இருத்தல் கூடும்? இக்கேள்வி அதிகம் கேட்கப்படுவதில்லை. பயணம் பெருகிவிட்ட இக்காலத்தில் அதைக் கேட்டே தீரவேண்டியிருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய மலைகளுக்கும் காடுகளுக்கும் இடையே நாட்றாம்பாளையம் என்றோர் ஊர் இருக்கிறது. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல்லுக்குச் செல்லும் சாலை இவ்வூரைக் கடந்தே போகிறது. ஓசூர்த் தொழிற்சாலைகளில் வாரம் முழுதும் உழைத்தவர்களும், பெங்களூர்க் குடும்பங்களும் விடுமுறை நாளில் இவ்வழியே வருகின்றனர். அவர்கள் நாடிச் செல்வது நாட்றாம்பாளையத்தை அன்று. அதற்கப்பால் காவிரி விழும் அருவியையே. இவ்வூர் அவர்களுக்குத் தேநீர் அருந்தவும், சற்றே கால் நீட்டிக்கொள்ளவும் ஓரிடம். கடலில் செல்லும் கப்பலுக்கு இடைத்துறை எப்படியோ, காட்டுச்சாலையில் செல்லும் வண்டிக்கு இவ்வூர் அப்படி.

இவ்வுவமையைச் சற்று விரித்துப் பார்த்தால் நம் கேள்வி தெளிவாகும். ஆகவே, உலகின் வடமுனைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர்த் துறைக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

கனடாவின் வடகோடியில் விக்டோரியா என்னும் பெருந்தீவின் கரையில் உலுக்காக்டோக் என்ற ஊர் உள்ளது. 'உலு' என்பது அங்குள்ள பெண்கள் தோலையும் இறைச்சியையும் அறுக்கப் பயன்படுத்தும் கைக்கத்தி. அக்கத்திக்கு வேண்டிய பொருள் கிடைக்கும் இடம் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். மக்கள் தொகை ஏறத்தாழ 400. வேட்டையும் மீன்பிடிப்பும் அவர்களின் வாழ்வு. அச்சோவியங்கள் அவர்களின் புகழ்.

2016 ஆகஸ்டில் அலாஸ்காவிலிருந்து 'கிரிஸ்டல் செரினிட்டி' என்னும் உல்லாசக் கப்பல் ஏறத்தாழ 1,000 பயணிகளுடன் புறப்பட்டது. வடமேற்குக் கடல்வழியாக நியூயார்க் சென்றடைய 32 நாள் பயணம். இதே வழியைத் தேடி 1845இல் சென்ற பிராங்க்ளினும் அவருடைய 128 துணைவர்களும் பனியில் சிக்கி மாண்டனர். முதன்முதலில் இதைக் கடந்த அமுண்ட்சென்னுக்கு 1903 முதல் 1906 வரை மூன்றாண்டுகள் பிடித்தன. இன்று பனி உருகி வழி திறந்துவிட்டது. எந்தப் பனி உருகியதால் கப்பல் வந்ததோ, அந்தப் பனிதான் அவ்வூராருக்கு வேட்டைக்குச் செல்லும் சாலை என்பதையும் மறத்தலாகாது.

நானூறு பேர் வாழும் ஊரின் முன் ஆயிரம் பேர் வந்து நின்றால் என்னவாகும்? நல்லவேளையாக அக்கப்பலார் முன்கூட்டியே ஊராரிடம் பேசியிருந்தனர். பயணிகள் சிறு குழுக்களாகவே கரையிறங்கினர். ஊரார் தங்கள் கைவினைகளை விற்றனர். தங்கள் ஊரைத் தாங்களே காட்டினர். ஆனால் எல்லாக் கப்பலும் அவ்வாறு கேட்டுக்கொண்டு வருவதில்லை. நார்வேயின் ஆட்சிக்குட்பட்ட ஸ்வால்பார்டு தீவுகளில் லாங்இயர்பியென் என்ற ஊர் இருக்கிறது. ஏறத்தாழ 2,500 பேர் வாழும் அவ்வூருக்கு, ஊர் முழுவதையும் விட அதிகமானோரைச் சுமந்த கப்பல்கள் வருவதுண்டு. அத்தீவுகளின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 200 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல்கள் பயணிகளை இறக்கக் கூடாதென்று 2025 ஜனவரி முதல் விதி வகுத்துள்ளனர். நம் நாட்டிலும் இந்நிலை வந்துவிட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல 2024 மே முதல் இ-பாஸ் தேவைப்படுகிறது. விருந்தினருக்கு வரம்பு கட்டச் சட்டம் வரவேண்டியிருக்கிறதென்றால், விருந்தினர் தம் கடனை மறந்துவிட்டனர் என்பதே பொருள்.

அக்கடன் யாதென அறிய, பழையதொரு சான்றை நோக்குவோம். 14ஆம் நூற்றாண்டில் மதுரைச் சுல்தானகத்துக்கும் வந்துசென்ற இப்னு பதூதா, ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையிலிருந்த புல்கார் நகரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அங்கிருந்து 40 நாள் பயணத் தொலைவில் 'இருள் நாடு' இருந்ததாம். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் வணிகர் அங்கே செல்வர். தம் சரக்குகளை ஓரிடத்தில் வைத்துவிட்டு விலகிவிடுவர். மறுநாள் வந்து பார்த்தால் பக்கத்தில் மென்மயிர்த் தோல்கள் வைக்கப்பட்டிருக்கும். விலை ஒத்ததாயின் தோலை எடுத்துக்கொண்டு திரும்புவர்; ஒவ்வாதாயின் தோலைத் தொடாது காத்திருப்பர்; அவ்வூரார் மேலும் சில தோல்களைச் சேர்த்து வைப்பர், அல்லது தம்முடையதைத் திரும்ப எடுத்துக்கொள்வர். வைத்தவர் மனிதரா ஜின்களா என்பதும் வணிகருக்குத் தெரியாதென்கிறார் அவர்.

முகம் பார்க்கவில்லை, மொழி தெரியாது, சாட்சி இல்லை, காவலும் இல்லை. இரண்டையும் வாரிக்கொண்டு ஓடிவிட எவ்வளவு எளிது! ஆயினும் அவ்வாணிகம் நடந்தது. கண்ணுக்குத் தெரியாதவனின் இசைவுக்கும் இரு சாராரும் மதிப்பளித்ததால்தான் நடந்தது. நான் காண முற்படும் நெறி இதில் இருக்கிறது. அறிந்தவரிடத்தில் ஒழுங்காக நடப்பதற்கு அச்சமும் நாணமும் துணை செய்யும். அண்டை வீட்டாரிடம் நாளையும் விழித்தாக வேண்டும். உறவினரிடம் உதவி தேவைப்படலாம். இனி ஒருநாளும் காணப்போகாதவரிடத்தில் நாம் எப்படி நடக்கிறோம் என்பதில்தான் நம் அறத்தின் உண்மையான எடை தெரியும்.

"நான்தான் பணம் கொடுத்துவிட்டேனே!" என்று சுற்றுலா செல்பவர் சொல்லக்கூடும். யாரிடம் கொடுத்தார்? கப்பல் கம்பெனிக்கும், வேன் உரிமையாளருக்கும், விடுதிக்கும் கொடுத்தார். ஊருக்கு எதையும் கொடுக்கவில்லை. பயணச்சீட்டு கப்பலில் ஏறுவதற்கான உரிமை. அது ஊருக்குள் நுழைவதற்கான இசைவு ஆகிவிடாது. பிறர் இல்லத்தில் நுழையுமுன் இசைவு பெறவும், ஸலாம் உரைக்கவும், திரும்பிவிடுமாறு சொல்லப்பட்டால் மனக்குறையின்றித் திரும்பிவிடவும் திருமறையின் அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. விருந்தின் காலம் மூன்று நாள் என்றும், இல்லத்தாரைச் சங்கடத்தில் ஆழ்த்துமளவு விருந்தினர் தங்கலாகாது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வரம்பு கட்டினார்கள். வீட்டுக்கு வாயிற்படி இருப்பது போல ஊருக்கும் உண்டு. கதவு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் தட்டவேண்டியதில்லை என்றாகிவிடாது.

சில ஊர்களின் வாயிற்படி மிகவும் நொந்துபோயிருக்கும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குச் செல்லத் தொடங்கிய 'எம்பிரஸ்' உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கும் வந்தது. நம் மொழியே பேசும் சிறு துறைமுக ஊர் அது. 1950இல் தொடங்கிய சிமெண்ட் தொழிற்சாலை அங்கிருந்தது. 1990இல் போரினால் நின்றது. அவ்வாண்டிலேயே சுற்றுவட்டார மக்கள் இடம்பெயர்ந்தனர். நிலங்கள் உயர்பாதுகாப்பு வலயத்துள் போயின. அவை பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகத்தான் விடுவிக்கப்பட்டு வருகின்றன. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பலருடைய பிள்ளைகள் புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்துவிட்டனர்.

காலையில் இறங்கி மாலையில் கப்பலேறும் பயணி இங்கே எதைக் காண்பார்? கோவிலைக் காண்பார், கோட்டையைக் காண்பார், கடலைக் காண்பார். சோனகத் தெருவில் இல்லாமற்போனவர்களை அவரால் காண முடியாது. இல்லாததைக் காண, முன்னதாகச் சிறிது படித்திருக்க வேண்டும். அல்லது அங்குள்ள ஒருவரிடம் கேட்டு, அவர் சொல்வதைப் பொறுமையாகச் செவிமடுக்க வேண்டும். அதைச் செய்யாதவர் படமெடுத்துக்கொண்டு திரும்பலாம். அவ்வூருக்குப் போய்வந்ததாகச் சொல்லிக்கொள்ள அவருக்குத் தகுதியில்லை. பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு திருமறை பலவிடங்களில் ஏவுகிறது. முன்னோரின் முடிவு என்னவாயிற்று என்று சிந்திப்பதற்காகவே அவ்வேவல். பார்ப்பதோடு படிப்பினையும் சேர்ந்தால்தான் பயணம் நிறைவுறும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதற்கு நேர்மையாக விடை கூற வேண்டும். வருபவர்களால் ஊராருக்கு வருவாய் கிடைக்கிறதன்றோ? ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளுபவரும், மீன் வறுத்து விற்கும் பெண்ணும், எண்ணெய் தேய்த்துவிடுபவரும் வருபவரை நம்பியே அடுப்பு மூட்டுகின்றனர். வெள்ளம் வந்து பரிசல் நிறுத்தப்பட்டால் அவர்களுக்கு அன்றைய கூலி இல்லை. இதை மறுப்பவன் வயிற்றுப்பசி அறியாதவன். ஆகவே, 'போகாதீர்கள்' என்று எவருக்கும் நான் சொல்லப்போவதில்லை.

எனினும் அந்த வருவாய் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். கப்பலில் உண்டு கப்பலிலேயே உறங்குபவர் துறையில் செலவிடுவது கொஞ்சம். வீட்டிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு வேனில் வருபவர் வழியூரில் விட்டுச்செல்வது என்ன? நெகிழித் தட்டும், தண்ணீர்ப் புட்டியும், சிலவேளைகளில் உடைந்த கண்ணாடியும். அஞ்செட்டிக் காடுகள் யானைகளின் வாழிடம். அவற்றை உள்ளடக்கி 2014இல் காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. உப்புச்சுவை ஒட்டிய நெகிழிப் பையை விலங்கு தின்றுவிடும். கண்ணாடித் துண்டு யானையின் அடிக்காலைக் கிழிக்கும். நோயுற்றோ வெகுண்டோ ஊருக்குள் வரும் யானையின் முன் நிற்கப்போவது பெங்களூர் திரும்பிவிட்ட பயணி அல்லர்; கேழ்வரகுக் கொல்லையில் இரவுக் காவலிருக்கும் குடியானவரே. இன்பம் ஒருவருக்கு, அதன் விலை இன்னொருவருக்கு என்றால் அதை வாணிகம் என்றும் சொல்ல இயலாது. இருள் நாட்டு வணிகரேனும் எடுத்த தோலுக்கு ஈடாகச் சரக்கு வைத்துவிட்டு வந்தனர்!

வடமுனையிலிருந்தே நல்லதொரு சான்றும் கிடைக்கிறது. கனடாவின் இனுவிக் என்னும் ஊரில் பிழைப்புக்காகச் சென்று தங்கிய முஸ்லிம்கள் சிலர் இருக்கின்றனர். அவர்களுக்கான பள்ளிவாசல் தெற்கே வின்னிபெக் நகரில் கட்டப்பட்டு, 2010இல் சாலையிலும் மெக்கன்சி ஆற்றிலுமாக ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கொண்டுசெல்லப்பட்டு அங்கே நிறுவப்பட்டது. கோடையில் பகலவன் மறையாத அவ்வூரில் நோன்பு திறக்கும் நேரத்தையே தெற்கிலுள்ள நகரின் கணக்குப்படி அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தனை இடர்ப்பாட்டுக்கிடையே அவர்கள் ஊரிலுள்ள வறியவர்க்கு, எம்மதத்தவராயினும், உணவுப் பொருள் வழங்கும் நிலையமொன்றையும் நடத்தி வருகின்றனர். விருந்தினராக வந்தவர்கள் விருந்தோம்புவோராகிவிட்டனர்! சில நாழிகை தங்குபவரிடம் இவ்வளவை எதிர்பார்க்க இயலாது. ஆயினும் அவரது கடமையும் இதே திசையில்தான் இருக்கிறது; அளவு மட்டுமே குறைவு.

அவ்வளவைத் தொகுத்துச் சொல்வதானால் ஐந்தாகும். நுழையுமுன் கேட்டல், ஒருவரைப் படமெடுப்பதற்கும், ஒரு வீட்டு நிழலில் அமர்வதற்கும் கூட. தங்குமிடத்தில் எதையேனும் விலை கொடுத்து வாங்கல். பேரம் பேசி ஏழையின் கைப்பொருளைக் குறைக்காதிருத்தல். கொண்டுவந்ததன் மிச்சத்தைத் தம்முடனே எடுத்துச் செல்லல். போகச் சொன்னால் போய்விடல். இவற்றுள் எதுவும் அரிதன்று. வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதையே ஈமானின் ஒரு கிளையாகக் கொண்ட சமுதாயம், இடையூற்றை வழியில் போட்டுவிட்டு வருவது எத்தகைய முரண்!

நம் பிள்ளைகள் நம்மிடமிருந்து இவற்றைக் கற்பர். விடுமுறைக்குப் புறப்படும் குடும்பத்தில் தாய் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துவைக்கும்போதே, குப்பைக்கென ஒரு பையையும் எடுத்துவைக்கட்டும். நாட்றாம்பாளையத்தில் வண்டி நின்றால், தந்தை தேநீர்க் கடைக்காரரிடம் ஊர் நலம் விசாரிக்கட்டும். இவ்வாண்டு மழை எப்படி, யானைத் தொல்லை உண்டா என்று இரண்டு வார்த்தை கேட்கட்டும். வழியில் ஓர் ஊர் இருக்கிறது, அதில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதைப் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளை அப்போது அறிந்துகொள்ளும். அருவியைப் பார்ப்பதற்கு முன்பே அப்பயணம் அப்பிள்ளைக்கு ஒன்றைக் கற்பித்துவிட்டிருக்கும்.