ஊற்றிய கைக்கும் பங்கு உண்டா?

கல்லூரி விடுமுறையில் ஒரு திருமண மண்டபத்தில் பகுதிநேர வேலை பார்த்தேன். ஓர் இரவு விருந்தில், நாக்குக் குழறிய அங்கிள் ஒருவர் மறுபடியும் கிளாஸை நீட்டினார். மேசைமேல் கார் சாவி. தயங்கினேன். “கேட்டா ஊத்து தம்பி, குடிக்கிறது அவரு, நமக்கென்ன?” என்றார் சூப்பர்வைசர். ஊற்றினேன். அவர் எப்படி வீடு போய்ச் சேர்ந்தாரோ, இன்றுவரை தெரியாது.

பிறகு காப்புறுதி பற்றிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டம் இந்த “நமக்கென்ன”வை ஏற்பதில்லை. போதை கண்ணுக்குத் தெரிந்தும் ஊற்றிக் கொடுத்த கடை, அவர் விபத்து செய்தால் இழப்பீடு தர நேரிடும். 1984இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வந்தவருக்குப் போதையேற ஊற்றிக் கொடுத்து, கார் ஓட்டிப் போகவிட்டவரும் பொறுப்பாளி ஆகலாம் என்றது. சாதாரண வணிகக் காப்புறுதி பொதுவாக இதைத் தாங்காது. மதுக்கடைகள் தனிக் காப்புறுதி எடுக்கின்றன.

“காசு கட்டியாச்சு, இனி கவலையில்ல” என்று கடைக்காரர் இருந்துவிடலாமா? காப்புறுதி நல்லதுதான், கால் இழந்தவருக்குச் சிகிச்சைப் பணம் வேண்டுமே. ஆனால் அது கடனைத்தான் ஏற்கும், கர்மாவை ஏற்காது.

வள்ளுவர் கள்ளுண்ணாமையில் குடிப்பவரைப் பற்றியே பேசுகிறார். முதல் பொறுப்பு அவருடையதுதான். ஆனால் அவர் அறிவு மயங்கிய அந்த நேரத்தில் தெளிவாக இருந்தவன் நான்தானே?

தம்பி தங்கைகளே, விருந்தில் நாம் குடிக்காமல் இருப்பது பாதி அறம். சாவியை வாங்கி வைத்து, கிராப் கூப்பிட்டு அனுப்பி வைப்பது மீதி. அன்று நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.