நீரியல் மாதிரியுருவும் தெரிவின் அறமும்

பெய்த மழையில் எவ்வளவு, எப்பொழுது ஆற்றை வந்தடையும் என்பதைக் கணித்துக் கூறும் கணித அமைப்பினை நீரியல் மாதிரியுரு என்பர். 1932இல் ஷேர்மன் வகுத்த அலகு நீர்வரைபு முதலாக, 1966இல் குரோபோட், லின்ஸ்லி ஆகியோர் கணினிக்கென வெளியிட்ட ஸ்ரான்போட் மாதிரியுரு ஊடாக, இன்று இவற்றின் தொகை மிகப் பெருகிவிட்டது. இவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்தல் தொழினுட்பக் காரியம் என்றே பலரும் கருதுவர். அதனுள் அறவியல் வினாவொன்றும் அடங்கியுள்ளது என்பது எமது துணிபு.

களனி கங்கையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 2,300 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அதன் வடிநிலத்தின் மேற்பகுதி செங்குத்தான மலைநாடு. ஹன்வெல்லைக்குக் கீழே ஆறு தாழ்ந்த சமவெளியிற் பரந்து செல்கின்றது. மலையிற் பெய்யும் பெருமழை கொழும்பின் ஓரத்திலுள்ள கொலன்னாவை, வெல்லம்பிட்டி முதலிய தாழ்நிலக் குடியிருப்புகளை மூழ்கடிக்க வல்லது. 2016 மே மாதத்தில் அவ்வாறே நிகழ்ந்தது. அதே ஆற்றிலிருந்துதான் அம்பத்தளையில் கொழும்புக்கான குடிநீரும் பெறப்படுகின்றது. வரட்சியில் நீரோட்டம் குன்றும்போது கடலின் உவர்நீர் ஆற்றினூடே அவ்விடம் நோக்கி ஏறிவரும். ஆறு ஒன்றாயினும் அதனிடம் கேட்கப்படும் வினாக்கள் இரண்டு. வெள்ளத்தின் உச்சத்தை மணிக்கணக்கிற் கூறவேண்டியவனுக்கு நிலத்தின்மேல் வழிந்தோடும் நீரின் வேகமே தலையாயது. வரட்சிக்கால நீரோட்டத்தைக் கூறவேண்டியவனுக்கோ, மண்ணும் தரைக்கீழ் நீரும் எவ்வளவைத் தேக்கி எத்துணை மெதுவாக விடுவிக்கின்றன என்பதே முக்கியம்.

மாதிரியுருவின் தகைமையை அளக்கப் பெரிதும் வழங்கும் அளவுகோல் 1970இல் நாஷ், சட்கிளிப் இருவரும் முன்வைத்ததாகும். அது கணிப்புக்கும் அளவீட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை வர்க்கிக்கின்றது. வர்க்கிக்கவே, பெருவெள்ளத்தின் பிழைகள் பன்மடங்காகி, குறைந்த நீரோட்டத்தின் பிழைகள் அற்பமாகிவிடுகின்றன. இதில் உயர்ந்த எண்ணைப் பெற்ற மாதிரியுரு உவர்நீர் ஏறும் நாள்களிற் பெரிதும் பிழைபட்டிருக்கலாம். அளவுகோலைத் தெரிவுசெய்தவன், எவருடைய இழப்பைக் கணக்கிற் கொள்வது என்பதையும் தெரிவுசெய்துவிட்டான்.

நடைமுறையில் இத்தெரிவு எவ்வாறு நிகழ்கின்றது? ஏழு மாதிரியுருக்கள் தொடர்பான ஏறத்தாழ 1,500 ஆய்வுக் கட்டுரைகளை ஆராய்ந்த அடொர், மெல்சன் ஆகிய இருவரும், முதலாசிரியரின் நிறுவனத்தை அறிந்தாலே நூற்றுக்கு 74 கட்டுரைகளில் அவர் தெரிவுசெய்தது எதுவெனக் கூறிவிடலாம் என 2019இற் காட்டினர். (ஆசானின் கருவியே மாணாக்கனுக்கும் என்னும் மரபு சங்கீதத்துக்கு மாத்திரம் உரியதன்று போலும்!) பழகிய கருவியிற் கைத்தேர்ச்சி உண்டு, அதனை இகழ்தல் வேண்டா. பழக்கத்தைப் பொருத்தம் என்று எழுதுவதே குற்றம்.

இதனினும் ஆழமான இடர் ஒன்றுண்டு. ஒன்றுக்கொன்று வேறுபட்ட பரமானத் தொகுதிகள் பல, கடந்தகால அளவீடுகளோடு ஏறத்தாழ ஒரே அளவிற்குப் பொருந்தக்கூடும் என்பதைப் பிரித்தானிய நீரியலாளர் கீத் பெவன் 1990களிலிருந்து வற்புறுத்தி வந்துள்ளார். ஒன்று மண்ணை ஆழமானது எனக் கொள்ளும். மற்றொன்று ஆழமற்றது எனக் கொள்ளும். முன்னர்க் கண்டிராத மழை பெய்யும்போது அவற்றின் விடைகள் பிரிந்து செல்லலாம். அவற்றுள் ஒன்றை மாத்திரம் வரைபடத்திற் கோடாகக் கீறி, அதற்கு அப்பால் அச்சமின்றி வீடு கட்டலாம் என்று கூறுதல், அறிந்ததற்கு மேலாகச் சாட்சி சொல்வதாகும்.

மதகைத் திறப்பதா, மூடுவதா என்பதற்கு ஒரு விடையே வேண்டும் என்று நிருவாகி கேட்பார். நியாயமே. ஆயினும் தீர்மானம் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதற்காக, அறிவும் ஐயமற்றது எனப் பாசாங்கு செய்யவேண்டியதில்லை. வெளியேறுமாறு அறிவித்து வெள்ளம் வராதொழிந்தால் நாட்கூலி போகும். அறிவியாது வெள்ளம் வந்தால் உயிர் போகும். இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்தல் கணித்தவனின் தனியுரிமையன்று. வெல்லம்பிட்டியில் வீட்டிலிருப்பவனுக்கும் அதிற் பங்குண்டு.

செய்யத்தக்க சோதனையொன்றை 1986இல் கிளெமெஷ் என்னும் நீரியலறிஞர் வகுத்தார். மழை மிகுந்த ஆண்டுகளைக் கொண்டு பரமானங்களை நிர்ணயித்து, வரண்ட ஆண்டுகளில் அவற்றை ஓட்டிப்பார்த்தலும், மறுதலையாகச் செய்தலும் அதன் சாரம். நெடுங்காலப் பதிவுகள் உள்ள ஆற்றுக்கு இதனாற் பெருஞ்செலவு ஏற்படாது. களனியில் இதனை மேற்கொள்பவர், மவுசாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்கள் ஆற்றின் இயல்பை மாற்றியிருப்பதையும் எதிர்கொள்ள நேரும். தோற்ற பெறுபேற்றையும் வென்றதன் அருகிலேயே அச்சிட்டால், அம்பத்தளையில் நீர் எடுப்பவர் எந்த எண்ணை எந்த மாதத்தில் நம்பலாம் என்பதைத் தாமே கண்டுகொள்வர்.