இரவுப் பூச்சியைக் காதால் அறிதல்

பொங்கலூர்ப் பக்கம் ஐப்பசியில் ஒரு உழவு மழை பெய்துவிட்டால் போதும். பொழுது சாய்ந்ததும் வாய்க்கால் கரை, தென்னந்தோப்பு, மக்காச்சோளக் காடு எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். 'பூச்சி கத்துது' என்று ஒரே சொல்லில் அதை முடித்துவிடுகிறோம். அங்கே பல இனங்கள் ஒரே நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. தறிக்குடோனில் அத்தனை தறிகள் ஓடும்போதும், எந்தத் தறியின் சத்தம் மாறுகிறது என்று தலை திருப்பாமலே சொல்லிவிடுவார்கள் தறி ஓட்டுகிறவர்கள். அந்தக் காது இருந்தால் இந்த இரைச்சலையும் பிரித்துவிடலாம்.

கூப்பிடுவது பெரும்பாலும் ஆண்தான், வாயால் அல்ல. சுவர்க்கோழியின் முன்சிறகு ஒன்றின் அடியில் அரம் போலப் பல் வைத்த நரம்பு ஓடுகிறது. மற்றச் சிறகின் விளிம்பு அதன்மேல் உரசும்போது சிறகின் மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலி எழும்புகிறது. சிறகு மூடும் ஒவ்வொரு முறையும் ஓர் அசை பிறக்கும். மீசை நீண்ட பச்சை இலைவெட்டுக்கிளிகளும் சிறகைத்தான் உரசுகின்றன. ஆனால் சுவர்க்கோழிக்குப் பொதுவாக வலச்சிறகு மேலே இருக்க, இவற்றுக்கு இடச்சிறகு மேலே இருக்கும். பகலில் புல்லில் தாவும் குட்டை மீசை வெட்டுக்கிளிகளில் பலவும் பின்னங்காலைச் சிறகில் தேய்த்துச் சத்தம் போடுகின்றன. காதுகளும் இடம் மாறியே இருக்கின்றன: சுவர்க்கோழிக்கும் இலைவெட்டுக்கிளிக்கும் முன்னங்காலில், குட்டை மீசைக்காரருக்கு வயிற்றின் பக்கவாட்டில். பிள்ளைப்பூச்சி ஈர மண்ணில் ஊதுகுழல் வாய் போல வளை தோண்டி, உள்ளிருந்தபடி கூப்பிடுகிறது. வளையே ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிறது.

பிடித்து வைத்துப் பார்த்தால் போதாதா, பாட்டு எதற்கு என்று கேட்கலாம். இதற்குத் தென்னிந்தியாவிலேயே நல்ல பதில் இருக்கிறது. மெக்கோபோடா என்ற பெரிய இலைவெட்டுக்கிளியை விவேக் நித்யானந்தாவும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணனும் ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உருவத்தை வைத்துப் பிரிக்கவே முடியாத இந்தப் பூச்சிகளிடம் ஐந்து வேறுவேறு பாட்டுகள் இருந்தன. ஒன்றுக்கு 'ஹெலிகாப்டர்', இன்னொன்றுக்கு 'ரயில்' என்று பெயர் வைத்தார்கள். பெண் பூச்சி இருட்டில் தன் இனத்து ஆணைப் பாட்டை வைத்தே தேடிப் போகிறது. அதற்கு எது அடையாளமோ அதையே நாமும் அடையாளமாகக் கொள்வதுதான் முறை என்று நினைக்கிறேன்.

காதை மட்டும் நம்பிக் கணக்கெடுக்க முடியுமா என்பதையும் இதே ஆய்வுக்குழு சோதித்தது. குதிரைமுகம் மலைக்காட்டில் சுவாதி திவாகர் உள்ளிட்டோர், பயிற்சி பெற்ற மனிதர் கேட்டு எழுதிய பட்டியலை ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பூச்சியைப் பிடிக்காமல், காட்டைக் கலைக்காமல் இனங்களைக் கணக்கிட அது நம்பகமான வழி என்று 2007இல் எழுதினார்கள். பழகிய காது ஒரு கருவிதான்.

பழக்குவதற்கு இரண்டைக் கவனிக்க வேண்டும்: சுருதியும் தாளமும். சுவர்க்கோழியின் ஒலி பெரும்பாலும் ஒரே சுருதியில் நிற்கும், 2 முதல் 8 கிலோ ஹெர்ட்ஸுக்குள். அதனால்தான் அது இசைபோலக் கேட்கிறது. இலைவெட்டுக்கிளியின் ஒலி பல சுருதிகளில் பரவிச் சரசரக்கும். மனிதக் காதுக்கு எட்டாத உயரத்துக்கும் போகும். ஆனால் இனத்தைச் சொல்வதில் தாளத்துக்கே பெரிய பங்கு: ஒரு கூவலில் எத்தனை அசைகள், நடுவில் எவ்வளவு இடைவெளி, விட்டுவிட்டா, விடாமலா. பதிவைக் கணினியில் அலைவரைபடமாக விரித்தால் இந்த அசைகளை எண்ணிவிடலாம்.

இங்கே வெப்பம் குறுக்கிடும். பூச்சிக்கு உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. சூடு ஏறினால் தாளம் விரையும். 1897இலேயே அமெரிக்க இயற்பியலாளர் ஏமஸ் டால்பேர், சுவர்க்கோழியின் கூவலை எண்ணி வெப்பநிலை சொல்லும் சூத்திரம் எழுதினார். மரச்சுவர்க்கோழிகளுக்குச் சுருதியே சூட்டோடு ஏறும். ஆகவே வெப்பநிலை குறிக்காத பதிவு அரைப் பதிவுதான். பங்குனி இரவில் வேகமாகவும் மார்கழி விடியலில் மெதுவாகவும் கேட்பது ஒரே பூச்சியாக இருக்கலாம்.

சத்தத்தின் அளவோ அடையாளமே ஆகாது. கர்நாடகத்துப் புதர்வெளிகளில் வாழும் ஈகாந்தஸ் ஹென்றியை என்ற மரச்சுவர்க்கோழி, இலையில் ஓட்டை கடித்து அதில் உடலைச் செருகி நின்று கூப்பிடுகிறது. இலை தடுப்பாக நிற்பதால் சத்தம் பெருகுகிறது. பெரும்பாலும் உருவில் சிறியதும் குரல் மெலிந்ததுமான ஆண்களே இதைச் செய்கின்றன என்று ரித்திக் தேபும் உடன் ஆய்ந்தவர்களும் 2020இல் காட்டினார்கள். பலவீனமான ஆண் தானே ஒரு கருவி செய்துகொண்டு தன் குரலைப் பெரிதாக்குகிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பொங்கலூரில் பதிவு செய்ய முனைகிறவருக்கு முதல் இடைஞ்சல் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து காற்றாலைகளைச் சுழற்றும் ஆனி, ஆடிக் காற்றில் மைக்கில் வேறெதுவும் விழாது. மழைக்குப் பிந்திய காற்றில்லா இரவுகளே தோது. மோட்டார், நெடுஞ்சாலை லாரி இவற்றின் இரைச்சலில் பெரும்பகுதி 2 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால், அதை மென்பொருளில் வெட்டிவிட்டாலும் சுவர்க்கோழி மிஞ்சும். தொடக்கத்துக்குச் செல்போனே போதும். அழைப்புக்கென உள்ள இரைச்சல் குறைப்பு வசதி பூச்சியின் ஒலியையே அழித்துவிடக்கூடும். எனவே சுருக்காமல் சேமிக்கும் பதிவுச் செயலி நல்லது. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் வழக்கமான பதிவு 22 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். அதற்கு மேலே பாடும் இலைவெட்டுக்கிளிகளுக்கு வௌவால் ஒலி பிடிக்கும் கருவி வேண்டும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, நேரம், இடம், வெப்பநிலை, பூச்சி தரையிலா செடியிலா மரத்திலா என்பதை வாயாலேயே சொல்லிவிட வேண்டும். பாடிய பூச்சியைக் கண்டால் சிறகு தெரியப் படமும் எடுக்க வேண்டும்; பாட்டையும் உடலையும் இணைக்கும் சான்று அதுதான்.

வீட்டுப் பிள்ளைகள் யாரையாவது உடன் அழைத்துப் போவது நல்லது. வயது ஏறும்போது முதலில் மங்குவது உச்சச் சுருதிகளைக் கேட்கும் திறன். பெரியவருக்கு வெறும் வேலியாக இருக்கும் இடத்தில், பத்து வயதுப் பிள்ளை விரலை நீட்டி இலைவெட்டுக்கிளி இருக்கும் கிளையைக் காட்டக்கூடும்.