இரண்டு வயது வரை இனிப்பு வேண்டாம்

உங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறக்கப் போகிறதா? இரண்டு வயது நிரம்பாத பிள்ளை ஒன்று தவழ்ந்துகொண்டிருக்கிறதா? அப்படியென்றால் இதை இன்றே படியுங்கள், வீட்டுப் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பிள்ளையின் நாக்கில் சர்க்கரை வைக்காதீர்கள். பாலில் கலக்காதீர்கள், கஞ்சியில் போடாதீர்கள், அழுகையை அடக்கக் கற்கண்டு கொடுக்காதீர்கள். குழந்தை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதுதான் இது. இப்போது அதற்கு வலுவான சான்று ஒன்றும் வந்துவிட்டது. இனியும் தட்டிக்கழிப்பது தகாது.

சான்று பிரிட்டனிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய சில மாதங்களில், 1940 ஜனவரியில், அங்கே சர்க்கரை ரேஷனுக்குள் வந்தது. போர் முடிந்து எட்டு ஆண்டுகள் ஆன பிறகு, 1953 செப்டம்பரில்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அதுவரை ஓர் ஆள் நாளொன்றுக்குச் சராசரியாக 40 கிராம் அளவுக்குச் சர்க்கரை சாப்பிட்டார். கட்டுப்பாடு நீங்கிய சிறிது காலத்திலேயே அது ஏறக்குறைய இரண்டு மடங்கானது. மற்ற உணவுகளில் அவ்வளவு பெரிய மாற்றம் ஏற்படவில்லை. ஆகவே, சற்று முன்னே கருவான பிள்ளைக்கும் சற்றுப் பின்னே கருவான பிள்ளைக்கும் நாடும் காலமும் ஒன்றுதான். முதல் இரண்டு ஆண்டுகளில் வீட்டுக்குள் வந்த சர்க்கரையின் அளவுதான் பெரிதும் மாறியது. பாதிப் பிள்ளைகளுக்கு இனிப்பை ஊட்டி, மீதிப் பேருக்கு மறுத்து, அறுபது வயது வரை காத்திருந்து பார்க்க எந்த ஆராய்ச்சியாளருக்கும் உரிமை கிடையாது. போரும் பங்கீட்டு அட்டையும் அந்த ஒப்பீட்டைத் தாமாகவே உண்டாக்கி வைத்திருந்தன.

டடேயா கிராக்னர், கிளேர் பூன், பால் கெர்ட்லர் என்ற மூவர் இதை ஆராய்ந்து 2024இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். 1951 அக்டோபருக்கும் 1956 மார்ச்சுக்கும் இடையே பிறந்த ஏறத்தாழ 60,000 பேரின் உடல்நலப் பதிவுகளை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். கருவான நாள் முதல் இரண்டு வயது வரையிலான ஆயிரம் நாட்களைச் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் கழித்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் அபாயம் ஏறக்குறைய 35 சதவீதம் குறைந்திருந்தது. ரத்தக்கொதிப்பு அபாயம் 20 சதவீதம் குறைந்திருந்தது. நோய் வந்தவர்களுக்கும் தாமதமாகவே வந்தது: நீரிழிவு நான்கு ஆண்டுகள், ரத்தக்கொதிப்பு இரண்டு ஆண்டுகள். இந்தப் பாதுகாப்பில் மூன்றில் ஒரு பங்கு தாயின் வயிற்றில் இருந்த காலத்திலேயே கிடைத்துவிட்டது. மீதி பிறந்த பின், குறிப்பாக ஆறு மாதம் கடந்து திட உணவு தொடங்கியபோது சேர்ந்தது. 2025இல் ‘பிஎம்ஜே’ இதழில் வந்த ஆய்வு, இதே காலத்தில் பிறந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடக் குறைந்திருந்ததைக் காட்டியது.

ஆய்வின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். எந்தக் குழந்தை எத்தனை கரண்டி சாப்பிட்டது என்று அவர்கள் அளக்கவில்லை. பிறந்த தேதியை வைத்துக் கூட்டத்தோடு கூட்டத்தை ஒப்பிட்டார்கள். உங்கள் பிள்ளைக்கு நீரிழிவு வரவே வராது என்று இதைக் கொண்டு யாரும் உறுதி தர முடியாது. ஆனால் அந்தத் தாய்மார்கள் சர்க்கரையை அறவே துறந்தவர்கள் அல்லர் என்பதையும் கவனியுங்கள். அளவோடு சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். அந்த அளவுக்கே இத்தனை பலன்.

நமக்கு இது அயல்நாட்டுச் செய்தி அல்ல. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது கணக்கிட்டது. நம் குழந்தைகள் பிறக்கும்போதே சற்றுப் பின்தங்கிப் பிறக்கின்றன. புனே மருத்துவர் யாஜ்னிக் மகாராஷ்டிரக் கிராமக் குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார். அங்கே சராசரிப் பிறப்பு எடை 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. இத்தனை மெலிந்த உடலிலும் தசை குறைவாகவும் கொழுப்பு ஒப்பீட்டளவில் கூடுதலாகவும் இருந்தது. இப்படிப் பிறக்கும் உடலுக்குச் சர்க்கரையைத் தாங்கும் வலு இன்னும் குறைவு. ஆகவே வெள்ளைக்காரப் பிள்ளையைவிட நம் பிள்ளையிடத்தில்தான் நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பிறந்த அன்றே தொடங்குவோம். தென்மாவட்டங்களில் சேனை வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்ல குணம் உள்ளவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டுக் குழந்தையின் நாவில் வைப்பார். அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதில் உள்ள அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் குழந்தைக்குக் கிடைக்க வேண்டியது சீம்பால். ஒரு வயதுக்குள் கொடுக்கும் தேன், பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோயைக் கொண்டுவரக்கூடும். ஆசி வழங்க விரும்பும் பெரியவர் குழந்தையின் தலையில் கைவைத்து வாழ்த்தட்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், தண்ணீர்கூட வேண்டாம்.

ஆறு மாதத்துக்குப் பிறகுதான் தவறுகள் மளமளவென்று நுழைகின்றன. ராகிக் கூழில் வெல்லம், பாலில் சீனி, பார்க்க வருகிறவர்கள் கையில் பிஸ்கட் பாக்கெட், டீயில் நனைத்து ஊட்டும் ரஸ்க். குழைந்த சாதமும் பருப்பும் ஒரு துளி நெய்யும், மசித்த காய்கறி, மசித்த வாழைப்பழம், வெந்த முட்டை, முள் நீக்கிய மீன் என்று ருசிக்கு நம் சமையலறையில் குறைவே இல்லை. இனிப்பில்லாத கூழைப் பிள்ளை முதல் நாள் துப்பும். மறுநாளும் கொடுங்கள், அதற்கு மறுநாளும் கொடுங்கள். பல தடவை சுவைத்த பிறகே குழந்தை ஓர் உணவை ஏற்றுக்கொள்ளும். துப்பியவுடன் சர்க்கரையைத் தேடி ஓடுவதால்தான், இனிப்பில்லாமல் எதையும் தொடாத ஐந்து வயதுப் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

“வெள்ளைச் சர்க்கரை போடுவதில்லை, கருப்பட்டிதான்” என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: கருப்பட்டியும் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் பனங்கற்கண்டும் பெரும்பகுதி சர்க்கரையே. அதில் உள்ள சொற்ப இரும்புச்சத்துக்காக ஒன்பது மாதக் குழந்தைக்கு அதைப் புகட்ட வேண்டியதில்லை. கீரையும் முட்டையும் அந்த வேலையைச் செய்யும்.

கடைச் சரக்கில் இன்னும் எச்சரிக்கை தேவை. இந்தியாவில் விற்கும் ஒரு பிரபலக் குழந்தை உணவில் ஒரு வேளைக்கு 3 கிராம் அளவுக்குச் சர்க்கரை சேர்க்கப்படுவதையும், அதே நிறுவனம் தன் தாய்நாடான சுவிட்சர்லாந்தில் அதே வயதுக்கு விற்பதில் சேர்ப்பதில்லை என்பதையும் 2024இல் ‘பப்ளிக் ஐ’ என்ற அமைப்பு வெளிக்கொணர்ந்தது. இது அநீதி என்றுதான் சொல்வேன். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகச் சேர்மானங்களை அச்சிட்டிருப்பார்கள். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது குழந்தைக்கு வேண்டாதது.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை மறக்காதீர்கள். வயிற்றுப்போக்கின்போது டாக்டர் கொடுக்கச் சொல்லும் ஓஆர்எஸ் கரைசலில் சர்க்கரை இருக்கும். அது உயிர்காக்கும் மருந்து, தயங்காமல் கொடுங்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த பொடியா என்று பார்த்து வாங்குங்கள். அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு விற்ற இனிப்பு பானங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025இல்தான் தடை போட்டது.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. வளைகாப்புப் பலகாரத்தை ஒருநாள் சாப்பிடுவதால் குடி முழுகிவிடாது. தினமும் நாலு வேளை சீனி போட்ட டீ, காபி, குளிர்பானம் ஆகியவற்றைத்தான் குறைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து ரத்தம் எடுக்கிறார்களே, அந்தப் பரிசோதனையைத் தவிர்த்துவிடாதீர்கள். மருமகளின் தட்டைப் பார்த்து “ரெண்டு உயிருக்குச் சாப்பிடு” என்று இனிப்பை அடுக்குகிற மாமியார்களும் அம்மாக்களும் முட்டை, பயறு, கீரையை அடுக்கட்டும்.

இதுவரை கொடுத்துவிட்டோமே என்று யாரும் மனம் நோக வேண்டாம். ஒன்றரை வயதில் நிறுத்தினாலும் அது லாபமே. பழி முழுவதையும் தாயின் தலையில் போடவும் வேண்டாம். அப்பாவும் தாத்தாவும் மாமாவும் வாங்கி வரும் பொட்டலங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

மறுத்துப் பேசவும் தெரியாத, கேட்டு வாங்கவும் தெரியாத உயிர் அது. அதன் வாய்க்குள் போகும் ஒவ்வொரு கவளத்துக்கும் பொறுப்பு நாம்தான். அடுத்த முறை பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகும்போது பிஸ்கட் பாக்கெட்டை விட்டுவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிப் போங்கள். உங்கள் வீட்டில் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், அதன் பாலிலும் கஞ்சியிலும் போடும் சர்க்கரையை இன்று இரவிலிருந்தே நிறுத்துங்கள்.