உடம்பைப் பேணுதல் தன்னலமா?

விடுமுறை முடிந்து சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நகரத் தொடங்குகையில், சன்னலுக்கு வெளியே நின்று நம் அன்னையர் சொல்லும் சொல் ஒன்றே: "உடம்பைப் பாத்துக்கோப்பா." தலைநகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் இச்சொல்லைக் கேளாமல் வண்டியேறியவர் அரியர். அது வாழ்த்தா, கட்டளையா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கட்டளையெனில், நம் உடம்பு யாருக்குக் கடன்பட்டிருக்கிறது?

தன்னைப் பற்றி நினையாது உழைப்பவனே நல்ல தந்தை, எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்பவளே நல்ல தாய் என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பரபரப்பினிடையே அரைமணி நேரம் நடக்கச் செல்பவனைத் தன்னலக்காரன் என்று வீட்டாரே கருதுவதுண்டு. திருமூலரும் ஒரு காலத்தில் உடம்பை இழிவென்று எண்ணியிருந்தவரே. உள்ளே உறையும் பொருளை உணர்ந்த பின்னரே அதனைப் பேணத் தலைப்பட்டதாகத் திருமந்திரத்தில் கூறுகிறார். அவர் இறைவனுக்காகப் பேணினார். கோப்புகளுக்கிடையே வாழும் எழுத்தராகிய நாம் யாருக்காகப் பேணுவது?

மன இறுக்கம் என்று இன்று எல்லாரும் பேசுவதன் அறிவியல் 1936-ஆம் ஆண்டில் ஹான்ஸ் செல்யே வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையில் உருக்கொண்டது. குளிர், காயம், நஞ்சு என்று எத்துன்பத்திற்கு ஆளாக்கினாலும் எலிகளின் உடலில் ஒரே வகையான மாறுதல்கள் தோன்றின என்று அவர் கண்டார்: அட்ரீனல் சுரப்பிகள் பருத்தன, இரைப்பையில் புண்கள் உண்டாயின. ஓடவோ போரிடவோ உடல் தன்னை ஆயத்தம் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. புலியைக் கண்டால் அவ்வேற்பாடு உயிர் காக்கும். புலி போனபின் உடலும் அடங்கும். மேலதிகாரியின் குறிப்பாணையோ மேசை மேலேயே கிடக்கிறது. அதனிடமிருந்து ஓடவும் இயலாது. அதனோடு போரிடுவது நடத்தை விதிகளுக்கு முரணானது!

இங்கே நம் போன்றோர் கட்டாயம் அறியவேண்டிய செய்தியொன்று உண்டு. இலண்டன் அரசு ஊழியரை 1967 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். வைட்ஹால் ஆய்வு என்பது அதன் பெயர். பெரும் பொறுப்புகளைச் சுமக்கும் உயர் அதிகாரிகளுக்கே மாரடைப்பு மிகுதி என்பது உலகின் நம்பிக்கை. 1978-இல் வெளிவந்த முடிவு அதனைத் தலைகீழாக்கிற்று. கடைநிலை ஊழியரிடையே இதய நோயால் நேர்ந்த இறப்பு, உச்சிநிலை அதிகாரிகளிடையே இருந்ததைப்போல் 3.6 மடங்கு. புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டாலும் அவ்வேறுபாட்டின் ஒரு பகுதியே விளங்கிற்று. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தன் வேலையின் மீது தனக்கே ஆளுகையின்மை என்பதனையும் ஒரு காரணமாகச் சுட்டியது. இதைப் படித்த அன்று நாம் சிறிது மகிழ்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். நம் களைப்புக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தாற் போலிருந்தது.

ஆயின் இதிலிருந்து எழும் வினா கசப்பானது. நோயின் வேர் அலுவலக அமைப்பிலே இருக்க, "மூச்சுப் பயிற்சி செய், மனத்தை அடக்கு" என்று ஊழியனுக்கு மட்டும் உபதேசிப்பது நேர்மையா? பாரம் ஏற்றியவனை விட்டுவிட்டு மாட்டுக்குப் புத்தி சொல்வதாகாதா? ஓரளவு ஆகும் என்றே கருதுகிறோம். எனினும், அமைப்பு திருந்தும் வரை இரத்தக் குழாய் காத்திராது. இரண்டையும் ஒருசேரச் சொல்லாதவரின் அறிவுரையை நாம் ஐயத்துடனே கேட்கிறோம். 'இயற்கை' என்று அச்சிட்டதனாலேயே ஒரு புட்டிக்கு நான்கு மடங்கு விலை கேட்பவரின் அறிவுரையை நாம் கேட்பதேயில்லை. எட்டியும் இயற்கைதான் அன்றோ?

இவ்வளவு தெளிவாக எழுதும் நாம் தெளிவாக நடந்துகொண்டோமா என்றால், இல்லை. 2022 சூலையில் மருத்துவர் நம் இரத்த அழுத்தத்தை அளந்து 160-க்கு 100 என்றார். நாள்தோறும் ஒரு மாத்திரை எழுதித் தந்தார். வீட்டில் சொல்லவில்லை. மாத்திரை அட்டையை அலுவலக மேசையின் இழுப்பறையில் வைத்துக்கொண்டோம். காலை நடையும் பூண்டும் வெந்தயமும் போதுமென்று நவம்பரில் மாத்திரையையும் நாமே நிறுத்தினோம். மறு பிப்ரவரியில் ஒரு பிற்பகல், எழுதிக்கொண்டிருந்த கோப்பு இடக்கையிலிருந்து நழுவியது. எடுக்க முயன்றோம், விரல்கள் கேட்கவில்லை. பக்கத்து மேசை நண்பரை அழைத்தோம், நாக்கு குழறியது. இருபது மணித்துளியில் எல்லாம் சரியாயிற்று. இது முன்னெச்சரிக்கை, அடுத்தது எச்சரிக்காமலே வரலாம் என்றார் மருத்துவர்.

அச்சம் அன்று பெரிதாக இல்லை. மருத்துவமனைக்கு ஓடிவந்த இல்லத்தரசியிடம், "என்ன மருந்து எடுத்துக்கொள்கிறார்?" என்று செவிலி கேட்டபோது, "ஒன்றுமில்லையே, அவருக்கு ஒரு நோயும் கிடையாதே" என்று அவர் உறுதியாகச் சொன்னார். பள்ளிச் சீருடையோடு மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த மறுமொழியை எண்ணும்போதெல்லாம் இன்றும் நாம் தலை குனிகிறோம்.

திருக்குறளில் 'மருந்து' என்பது 95-ஆம் அதிகாரம். அதன் பத்துக் குறள்களில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. முன்னர் உண்டது செரித்ததை அறிந்து உண்பதே அதன் பெரும்பகுதி. இறுதிக் குறளில் மட்டும் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிபுரிபவன். இந்த நான்காமவரை நாம் வெளியே நிறுத்தியிருந்தோம். குடும்பத்திற்குக் கவலை தரலாகாது என்னும் நல்லெண்ணம் போல் அது தோன்றியது. அடியில் இருந்தது செருக்கே. உடம்பைப் பேணாதிருப்பதும் ஒருவகைத் தன்னலம் ஆகக்கூடும் என்பது அப்போதுதான் விளங்கிற்று. பேணாத உடம்பின் செலவை வேறொருவர் செலுத்துகிறார்.

இப்போது மாத்திரையைத் தவறவிடுவதில்லை. காலையில் மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் நீளமாக வெளிவிடுகிறோம். வெளிவிடும்போது இதயத் துடிப்பு தணிவதை மணிக்கட்டிலேயே உணரலாம். டில்லி நவம்பரில் புகை சூழ்ந்த விடியலில் நடப்பதைக் காட்டிலும் வீட்டினுள் நடப்பதே மேல் என்றும் கற்றோம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டு; அதனால் அழுத்தம் குறைகிறதோ இல்லையோ, அன்று உறக்கம் நன்று.

கடினமானது உப்புதான். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாகவே போதும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். நமக்கோ ஊரிலிருந்து ஆண்டுதோறும் உப்பு நார்த்தங்காய் வரும். அன்னையார் தம் கையால் சுருள் சுருளாக அரிந்து, மொட்டைமாடியில் காயவைத்து, துணியில் முடிந்து அனுப்புவது. வேண்டாம் என்று சொல்வது அந்தக் கையையே வேண்டாமென்பது போலிருந்தது. ஓராண்டு வாங்கி வாங்கிப் பிறர்க்குக் கொடுத்தோம். அதுவும் ஒரு பொய்யே என்று இல்லத்தரசி இடித்துரைத்தபின், ஒரு ஞாயிறன்று தொலைபேசியில் பிப்ரவரி நிகழ்ச்சி உட்பட அனைத்தையும் அன்னையாரிடம் சொன்னோம்.

நெடுநேரம் பேச்சில்லை. பின்னர், "இதை ஒரு வருசமா எங்கிட்ட ஏன்டா சொல்லலை?" என்றார். நார்த்தங்காயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த மாதம் ஊரிலிருந்து வந்த உறவினர் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். சுக்கும் மிளகும் இருந்தன. உப்பிடாது உலர்த்திய சுண்டைக்காய் இருந்தது. அடியில் சிறிய சீசா ஒன்றில் நார்த்தங்காயும் இருந்தது. அதன்மேல் அன்னையாரின் கோணல் எழுத்தில் ஒட்டியிருந்த சீட்டு: 'மருமகளுக்கு மட்டும்.'