மாங்காய்க்குக் காயகற்பம்

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறும் பாதை, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்குப் போகிறது. உச்சியில் சிலையாக நிற்பவரைச் சித்த மருத்துவம் தன் ஆதி ஆசானாகக் கொண்டாடுகிறது. உடல் தளர்வதைத் தள்ளிப்போடும் காயகற்பத்தை வளர்த்தது அந்த மரபுதான். அதைப் போற்றுகிற நாமே, மாம்பழம் பழுப்பதைத் தள்ளிப்போட்டால் இயற்கைக்கு விரோதம் என்று முகம் சுளிக்கிறோம். தாமதத்தில் குற்றமில்லை, பக்குவத்தைக் கெடுப்பதில்தான் குற்றம் என்பது என் கட்சி.

மரத்தில் முற்றிய காய், பறித்த பிறகும் சுவாசிக்கிறது. எத்திலீன் வாயுவைத் தானே சுரந்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, சதையை இளக்கிக்கொள்கிறது. சுமார் 13 டிகிரி குளிரில் வைத்தால் இதெல்லாம் மெதுவாக நடக்கும். வெளியே எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் சேர்ந்து சோதித்த ஹெக்ஸனால், செடிகளிலேயே உண்டாகும் பொருள். புல் வெட்டும்போது வருமே, அந்த வாசனையில் இதுவும் உண்டு. செல்சவ்வைச் சிதைக்கும் நொதியை அது அடக்குவதால் பழம் குழைய நாளாகிறது. ஆனால் குளிரை 5 டிகிரிக்கு இறக்கி நாள்கணக்கில் வைத்தால் தோலில் சாம்பல் திட்டு விழும். பிறகு வெளியே வைத்தாலும் சரியாகப் பழுக்காது. தாமதத்தின் எல்லை அங்கே இருக்கிறது. கார்பைடு கல் வைத்த காய் எதிர்த்திசைக் கேடு: மேலே மஞ்சள், உள்ளே புளிப்பு. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் அந்தக் கல்லைத் தடைசெய்திருப்பது சரியே.

பழுக்கும் நேரத்தைத் தீர்மானிக்க மனிதன் யார் என்று பக்தர் கேட்கலாம். உயிரைப் பற்றிய மலம் பக்குவப்படும் மலபரிபாகத்தை அவசரப்படுத்தச் சைவ சித்தாந்தம் ஒப்பாது, உண்மைதான். ஆனால் உயிர் பக்குவப்படும்வரை உண்மையை மறைத்துவைக்கும் திரோதானத்தையும் அதுவே இறைவனின் ஐந்தொழிலில் ஒன்றாக, அருளாகவே எண்ணுகிறது. நிறுத்திவைப்பது பழுக்கவைப்பதற்கு எதிரி என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பழுப்பதைத் தள்ளிப்போடுவது நிலையாமையை மறுக்கும் ஆசை என்பது இன்னொரு வாதம். ஹெக்ஸனால் தெளித்த பழமும் அழுகத்தான் போகிறது. யாரும் அதற்குச் சாகாவரம் தரவில்லை. பருவம் தப்பித் தின்னும் நாக்காசைக்கு என்னிடம் பதில் இல்லை, அது தின்பவர் பாடு. ஒரே வாரத்தில் லோடு முழுக்கப் பழுத்து, வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய கிருஷ்ணகிரி விவசாயிக்கோ தாமதத்தால் கிடைக்கும் சில நாள் ஆசையில்லை, பிழைப்பு. குளிரறையிலிருந்து வந்து தானாகப் பழுத்த பழத்தைத் தயங்காமல் படையலில் வையுங்கள். கல் வைத்ததை வைக்காதீர்கள்.