மானமும் பிறர் துணையும்

பிறர் கையை எதிர்பார்த்து வாழும் வாழ்வு இழிந்த வாழ்வா? தன் காலில் நிற்பதே மானம் என்று பள்ளிதோறும் கற்பிக்கப்படுகிறது. அப்பாடம் தவறன்று, ஆயினும் முழுமையானதன்று.

ஏ.எல்.எஸ். எனப்படும் இயக்க நரம்பணு நோய் அப்பாடத்தை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லாகும். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் இந்நோயால் படிப்படியாக மடிகின்றன. கையும் காலும் ஓய்கின்றன. நாவும் தொண்டையும் தளர்கின்றன. விழுங்கும் உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடுகிறது. இருமி வெளியேற்ற வலுவில்லாமையால் நிமோனியா தாக்குகிறது. எனினும் பார்வையும் செவியும் பெரும்பாலும் குன்றுவதில்லை. பலருக்குச் சிந்தனையும் தெளிவாகவே நிலைத்திருக்கிறது.

ஆங்கில இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963ஆம் ஆண்டு, 21ஆம் வயதில் இந்நோய் கண்டறியப்பட்டது. ஈராண்டே வாழ்வார் என்றனர் மருத்துவர். 1985இல் ஜெனீவாவில் நிமோனியா தாக்கியது. அவரோ மயக்க நிலையில் கிடந்தார். மூச்சுக்கருவியை நிறுத்திவிடலாமா என்று மருத்துவர் வினவ, மனைவி ஜேன் மறுத்தார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் தொண்டையில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யப்பட்டது. உயிர் தங்கியது, குரல் போயிற்று. இரவும் பகலும் செவிலியர் துணை வேண்டியதாயிற்று. எழுத்து அட்டையில் பிறர் சரியான எழுத்தைச் சுட்டும்போது புருவத்தை உயர்த்தி, அவர் சொற்களைக் கோத்தார். அதன்பின் கணினி வாய்த்தது. 1988இல் அவருடைய ‘காலத்தின் சுருக்கமான வரலாறு’ வெளிவந்தது. 2018இல், 76ஆம் வயதில் மறைந்தார்.

இங்கே ஓர் ஐயம் எழும். அவர் பேரறிஞர், பொருளுதவியும் பெற்றவர். எளியவர்க்கு இது பொருந்துமா? அத்தகைய உதவி யாவர்க்கும் கிட்டுவதில்லை என்பது உண்மையே. அது சமுதாயத்தின் குறையேயன்றி நோயாளியின் குறையன்று. மேலும், ஜேன் மறுத்த நாளில் அந்நூல் வெளிவரவில்லை. அவர் காத்தது ஒரு நூலையன்று, ஓர் உயிரை. செயலைக் கொண்டே உயிரை அளப்பதாயின், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு மதிப்பேது?

மானம் உடல் வலிமையில் இல்லை; தன் வாழ்வைப் பற்றிய முடிவு தன்னிடம் இருப்பதில் உள்ளது. மூச்சுக்கருவி வேண்டும் என்பதும், வேண்டா என்பதும் நோயாளியே உரைக்க வேண்டியவை. கருத்தை உணர்த்த இயலும் காலத்திலேயே அவரைக் கேட்டறிதல் சுற்றத்தாரின் கடன். ஊட்டப்படுவதால் ஒருவர் மானம் குன்றுவதில்லை, கேட்கப்படாமையால் குன்றுகிறது.

ஆதலின், துணைபுரிவோர் கற்க வேண்டிய முதற்பாடம் பொறுமை. அட்டையைப் பிடித்தவர் அடுத்த எழுத்தைத் தாமே ஊகித்து முடித்துவிடலாம். முடிக்காமல், அந்தப் புருவம் உயரும்வரை காத்திருப்பதே அறம்.